[தீர்ந்தது] ஜி41 போர்டு, விண்டோஸ் 10: சத்தம் இல்லை, ரியல்டெக் டிரைவர் எரர் 0001

அமராவதி | ஞாயிறு இரவு 9:12

வணக்கம். கரூரிலிருந்து எழுதுகிறேன். வீட்டில் இருப்பது பழைய அசெம்பிள்டு டெஸ்க்டாப். ஜி41 சிப்செட் போர்டு, கோர் 2 டூவோ ஈ7500, 4 ஜிபி ரேம். ஹார்டு டிஸ்க் போய்விட்டதால் கடையில் கொடுத்து எஸ்எஸ்டி மாற்றினோம். முன்பு விண்டோஸ் 7 இருந்தது. கடையில் விண்டோஸ் 10 போட்டு, ஒரு பென் டிரைவிலிருந்து "டிரைவர் பேக்" என்று எல்லாவற்றையும் ஏற்றிக் கொடுத்தார்கள். வேகம் நன்றாகவே இருக்கிறது. சத்தம் மட்டும் இல்லை.

கீழே மூலையில் ஸ்பீக்கர் படத்தின் மேல் சிவப்பு எக்ஸ். டிவைஸ் மேனேஜரில் "ரியல்டெக் ஹை டெபினிஷன் ஆடியோ" என்று இருக்கிறது, பக்கத்தில் மஞ்சள் முக்கோணம். உள்ளே போனால், டிவைஸைத் தொடங்க முடியவில்லை, கோடு 10 என்கிறது.

ஸ்பீக்கரை மொபைலில் செருகிப் பார்த்தேன், பாடுகிறது. பெண் நீட் வகுப்பு வீடியோ பார்ப்பது இதில்தான். கடைக்குப் போன் போட்டால் "சவுண்டு சிப்பு போச்சுக்கா, போர்டு மாத்திடுங்க" என்கிறார்கள். அது நிஜமா என்று யாராவது சொன்னால் போதும். போர்டோடு வந்த சிடி வீடு மாறியபோது எங்கேயோ போயிற்று.

---

கட்டைவிரல் | ஞாயிறு இரவு 9:30

ரியல்டெக்கின் 2.82 பேக்கேஜ் டவுன்லோட் பண்ணி போடுங்க. பழைய போர்டு எல்லாத்துக்கும் அதுதான். ரீஸ்டார்ட் பண்ணா வந்துடும்.

---

அமராவதி | ஞாயிறு இரவு 10:05

போட்டேன் அண்ணா. பாதி ஓடி, "இன்ஸ்டால் ஃபெயிலியர், எரர் கோடு 0001" என்று நின்றுவிட்டது. ரீஸ்டார்ட் செய்து மறுபடி போட்டாலும் அதேதான்.

---

சிவகாசிக்காரன் | ஞாயிறு இரவு 10:21

அக்கா, டிரைவர் அப்டேட்டர்னு சாஃப்ட்வேர் நிறைய ஃப்ரீயா கிடைக்குது. ஒண்ணு இறக்கி ஸ்கேன் குடுங்க, அதுவே தேடிப் பிடிச்சுப் போட்டுடும்.

---

ஈயப்பற்று | ஞாயிறு இரவு 11:48

தம்பி சிவகாசி, அந்த ஆலோசனையை வாபஸ் வாங்குங்க. அந்த மாதிரி சாஃப்ட்வேர் ஸ்கேன் முடிச்சதும் "37 டிரைவர் பழசு"ன்னு சிவப்புல பயமுறுத்தும், பணம் கேட்கும், கூடவே இன்னும் ரெண்டு குப்பையை உள்ளே இறக்கிட்டுப் போகும். ஏற்கெனவே ஒரு டிரைவர் பேக் செஞ்ச வேலையைத்தான் இப்ப நாம உட்கார்ந்து பார்த்துக்கிட்டு இருக்கோம்.

அமராவதி, சிப் போயிருக்க வாய்ப்பு குறைவு. போர்டு மாத்துற பேச்சை ஓரமா வைங்க. எரர் 0001 என்ன சொல்லுதுன்னு முதல்ல பார்ப்போம்.

இந்தக் காலத்து போர்டுகள்ல ஆடியோ ரெண்டு இடத்துல இருக்கும். ஒண்ணு கன்ட்ரோலர். ஜி41 போர்டுன்னா பெரும்பாலும் ஐசிஎச்7ங்கற சவுத்பிரிட்ஜ் (போர்டுல இருக்கிற துணை சிப்), அதுக்குள்ளேயே கன்ட்ரோலர் இருக்கு. இன்னொண்ணு கோடெக். பின்பக்க பச்சை, பிங்க், நீல ஜாக்குகளுக்குப் பக்கத்துல சதுரமா ஒரு சின்ன சிப், பக்கத்துக்கு 12 காலா மொத்தம் 48 கால். டிஜிட்டலை ஒலியா மாத்துறது அதுதான். இன்டெல் 2004ல ஹை டெபினிஷன் ஆடியோன்னு, சுருக்கமா எச்டின்னு, இந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்தாங்க. அதுக்கு முன்னாடி 1997லேர்ந்து ஏசி97ங்கற பழைய ஏற்பாடு.

கன்ட்ரோலர் இன்டெலுடையது. ஆனா கோடெக்கை போர்டு தயாரிக்கிறவங்க யார்கிட்ட வேணும்னாலும் வாங்கி ஒட்டலாம். ரியல்டெக் அதிகமா புழங்கினதால, ஆன்போர்டு சவுண்டுன்னாலே ரியல்டெக்னு நம்ம ஊர்ல பழகிட்டோம். விஐஏ, அனலாக் டிவைசஸ், சிக்மாடெல், கோனெக்ஸன்ட், சி-மீடியான்னு மத்தவங்களும் இருந்தாங்க. ரியல்டெக்கின் செட்அப் ஓடும்போது தன்னோட கோடெக் பஸ்ஸுல (கன்ட்ரோலரையும் கோடெக்கையும் இணைக்கிற வழி) இருக்கான்னு தேடும். கிடைக்கலைன்னா பெரும்பாலும் இந்த 0001தான். பூட்டு ஒரு கம்பெனி, சாவி வேற கம்பெனின்னா எத்தனை தரம் திருகினாலும் திறக்காது.

அதனால இனி எந்த டிரைவரையும் இறக்காம இதை மட்டும் பாருங்க. டிவைஸ் மேனேஜர்ல அந்த மஞ்சள் முக்கோணத்து மேல ரைட் கிளிக், "ப்ராப்பர்ட்டீஸ்". மேலே "டீடெய்ல்ஸ்" டேப். கீழே இறங்குற பட்டியல்ல "ஹார்டுவேர் ஐடிஸ்" தேர்ந்தெடுங்க. "எச்டிஆடியோ"ன்னு ஆரம்பிச்சு நீளமா ஒரு வரி வரும். அதுல "வென்"னு போட்டு அடிக்கோட்டுக்கு அப்புறம் நாலு எழுத்து, "டெவ்"னு போட்டு இன்னொரு நாலு எழுத்து. அந்த எட்டையும் இங்கே எழுதுங்க. பேர் என்ன காட்டுதுங்கறதை நம்பாதீங்க. பேர் டிரைவர் சொல்றது. ஐடி சிப்பே சொல்றது.

"சிஸ்டம் டிவைசஸ்" பகுதியில "ஹை டெபினிஷன் ஆடியோ கன்ட்ரோலர்" முக்கோணம் இல்லாம இருக்கான்னும் பாருங்க. அது இருந்துட்டா பயாஸ்ல (விண்டோஸுக்கு முன்னாடி ஓடுற, போர்டோட சொந்த அமைப்புத் திரை) சவுண்டு ஆஃப் ஆகலை, பஸ் உயிரோட இருக்குன்னு அர்த்தம்.

---

அமராவதி | திங்கள் காலை 7:40

கன்ட்ரோலர் இருக்கிறது, முக்கோணம் இல்லை. ஐடியில் வென் 1106, டெவ் 0397 என்று இருக்கிறது.

(சம்பந்தம் உண்டா தெரியாது: காலையில் ஆன் செய்ததும் கறுப்புத் திரையில் எஃப்1 அழுத்தச் சொல்கிறது. அது ரொம்ப நாளாகவே உள்ளதுதான், அழுத்திவிட்டுப் போய்விடுவோம்.)

---

ஈயப்பற்று | திங்கள் காலை 8:15

ரியல்டெக்னா 10ஈசி வந்திருக்கணும். 1106 விஐஏ. 0397ன்னா விடி1708எஸ் கோடெக். ஆக, உங்க போர்டுல ரியல்டெக் சிப்பே கிடையாது.

என்ன நடந்திருக்கும்னா, டிரைவர் பேக்ல தானா எதுவும் பொருந்தாததால "லிஸ்ட்லேர்ந்து நானே எடுக்கிறேன்"னு போய், கட்டாயப்படுத்தி ரியல்டெக்கைத் தலையில கட்டியிருக்காங்க. விண்டோஸ் ஒரு எச்சரிக்கை காட்டும், "எஸ்" அமுக்கிட்டுப் போயிருப்பாங்க. சிப்புக்கும் டிரைவருக்கும் பேச்சுவார்த்தை இல்லாததால கோடு 10.

செய்ய வேண்டியது: கன்ட்ரோல் பேனல்ல ரியல்டெக் ஆடியோ டிரைவர்னு ஏதாவது இருந்தா அன்இன்ஸ்டால். அப்புறம் டிவைஸ் மேனேஜர்ல அந்த முக்கோணத்து மேல "அன்இன்ஸ்டால் டிவைஸ்". அப்போ வர்ற பெட்டியில "இந்த டிவைஸின் டிரைவர் சாஃப்ட்வேரையும் அழி"ன்னு ஒரு கட்டம் இருக்கும். அதை டிக் பண்றதுதான் முக்கியம், இல்லைன்னா அதே ரியல்டெக் திரும்பி வந்து உட்காரும். ரீஸ்டார்ட். மேலே "ஆக்‌ஷன்" மெனுவுல "ஸ்கேன் ஃபார் ஹார்டுவேர் சேஞ்சஸ்". இப்போ மைக்ரோசாஃப்டின் பொது டிரைவர் தானா ஏறும். பேரு "ஹை டெபினிஷன் ஆடியோ டிவைஸ்"னு சாதாரணமா இருக்கும். பழைய போர்டுக்கு அதுவே போதும். விஐஏ டிரைவரைத் தேடி கண்ட கண்ட சைட்டுக்குப் போகாதீங்க.

அந்த எஃப்1 விஷயத்துக்கு அப்புறம் வர்றேன்.

---

பென்குயின் | திங்கள் காலை 10:02

நண்பரே, இவ்வளவு சுற்றத் தேவையே இல்லை. லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை ஒரு பென் டிரைவில் எழுதி, இன்ஸ்டால் செய்யாமலே லைவாக பூட் செய்து பாருங்கள். அதில் சத்தம் வந்தால் சிப் நலம், கடைக்காரர் சொன்னது பொய் என்று உடனே தெரிந்துவிடும். லினக்ஸில் கோடெக் டிரைவர்கள் கெர்னலோடு (அதன் மையப் பகுதியோடு) சேர்ந்தே வரும். சிடி தொலைந்ததே என்ற கவலை கிடையாது. சத்தம் வராவிட்டால் டெர்மினலில் ஆல்சாமிக்சர் என்ற ஒலி அளவு நிரலைத் திறந்து, ஏதாவது தூணுக்குக் கீழே "எம்எம்" என்று இருந்தால் அது மியூட். எம் விசையைத் தட்டினால் திறக்கும். "ஆட்டோ மியூட் மோட்" என்று ஒன்று இருக்கும், அதையும் டிசேபிள் செய்து பாருங்கள்.

இன்னொன்று. விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. உங்கள் பிராசசரில் விண்டோஸ் 11 ஓடாது. அதன் 24எச்2 பதிப்பு கேட்கும் பாப்கவுன்ட் என்ற பிராசசர் கட்டளையே கோர் 2 வரிசையில் கிடையாது.

---

கட்டைவிரல் | திங்கள் காலை 10:10

வந்துட்டாருய்யா. டயர் பஞ்சர்னு இழை போட்டாக்கூட லினக்ஸ் போடுங்கம்பார்.

---

ஈயப்பற்று | திங்கள் மதியம் 1:30

லைவ் பூட் யோசனை நல்ல யோசனைதான், கிண்டல் வேண்டாம். சிப்பா, சாஃப்ட்வேரான்னு பிரிச்சுப் பார்க்க அதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரிஞ்சு இல்லை. சர்வீஸுக்கு வர்ற பெட்டிகளுக்கு நானும் முதல்ல அதைத்தான் செருகுவேன். ஆனா இங்கே ஐடியே கதையைச் சொல்லிடுச்சு. கோடெக் செத்திருந்தா தன் ஐடியைச் சொல்ல வாய் இருக்காது.

---

அமராவதி | திங்கள் இரவு 8:55

வந்துவிட்டது! பின்னால் பச்சை ஜாக்கில் ஸ்பீக்கர் பாடுகிறது. ரொம்ப நன்றி.

ஆனால் முன்பக்க ஹெட்போன் ஜாக் வேலை செய்யவில்லை. ஹெட்போனைச் செருகினாலும் ஸ்பீக்கரிலேயே சத்தம் வருகிறது. "சவுண்ட்" பெட்டியில் "ஹெட்போன்ஸ்: செருகப்படவில்லை" என்று சாம்பல் நிறத்தில் இருக்கிறது. அதே ஹெட்போன் மொபைலில் சரியாக இருக்கிறது. விண்டோஸ் 7 இருந்தபோது முன் ஜாக்கில்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். சாயங்காலமானால் மாமனாருக்கு சீரியல், ஹெட்போன் இல்லாமல் படிக்க வழியில்லை. கம்ப்யூட்டர் மேசைக்கு அடியில் இருப்பதால் பின்னால் கையும் போகாது.

---

ஈயப்பற்று | திங்கள் இரவு 10:40

இது டிரைவர் பிரச்சினை மாதிரி தெரியும், ஆனா அடி வேற இடத்துல.

கேபினட் முன்பக்கத்துலேர்ந்து போர்டுக்கு ஒரு வயர் வரும். போர்டுல அது உட்கார்ற இடம் ரெண்டு வரிசை, வரிசைக்கு அஞ்சு பின். அதுல ஒரு மூலைக்குப் பக்கத்துப் பின் மட்டும் இருக்காது, தப்பாச் செருகாம இருக்க. ஏசி97 காலத்துலயும் இதே வடிவம்தான், எச்டி காலத்துலயும் இதே வடிவம்தான். ஆனா கம்பிகளோட வேலை வேற. எச்டியில ரெண்டு மூணு பின் "இப்போ ஜாக்ல ஏதோ செருகியிருக்கு"ன்னு போர்டுக்குச் சேதி சொல்றதுக்கு மட்டுமே. ஏசி97 வயர்ல அந்தச் சேதிக்கு வழியே இல்லை. உங்க கேபினட் போர்டைவிடப் பழசுன்னா முன்பக்க வயர் ஏசி97 ஆக இருக்கும். நீங்க ஹெட்போனைச் செருகுறீங்க, போர்டுக்குத் தெரியலை, விண்டோஸ் "செருகப்படவில்லை"ங்குது. அது பொய் சொல்லலை பாவம்.

பக்கக் கதவைத் திறந்து பாருங்க, அந்த வயரோட கறுப்புக் கொண்டையில என்ன அச்சடிச்சிருக்குன்னு. சில கேபினட்ல ஒரே வயர்ல ரெண்டு கொண்டை தொங்கும், ஒண்ணு எச்டி, ஒண்ணு ஏசி97. அப்படி இருந்தா எச்டியைச் செருகிடுங்க, வேலை முடிஞ்சது.

ஏசி97 மட்டும்தான்னா பயாஸுக்குப் போங்க. ஆன் பண்ணதும் டெலிட் விசை. "அட்வான்ஸ்டு"லயோ "ஆன்போர்டு டிவைசஸ்"லயோ "ஃப்ரன்ட் பேனல் டைப்"னு இருக்கும். எச்டியிலேர்ந்து ஏசி97க்கு மாத்தி, எஃப்10 அமுக்கிச் சேமிங்க. ஜாக் பத்தின விவரங்களை கோடெக்குக்கு எழுதுறதே பயாஸ்தான். ஏசி97னு சொல்லிட்டா, "முன்பக்கம் செருகினதைக் கண்டுபிடிக்க முடியாது, எப்பவும் இருக்கறதா வச்சுக்கோ"ன்னு எழுதிடும். ஒரு குறை: ஹெட்போன் செருகினா ஸ்பீக்கர் தானா அடங்காது. ஸ்பீக்கர் குமிழைக் கையால குறைச்சுக்கணும்.

விண்டோஸ் 7ல வேலை செஞ்சதுக்குக் காரணம், போர்டு சிடியில வர்ற கன்ட்ரோல் பேனல்ல "முன் ஜாக் கண்டறிதலை நிறுத்து"ங்கற மாதிரி ஒரு டிக் இருக்கும். அப்போ அசெம்பிள் பண்ணினவர் அதைப் போட்டு வச்சிருப்பார். பொது டிரைவர்ல அந்த வசதி இல்லை, அதான் இப்ப வெளியே தெரியுது.

---

வடமராட்சியான் | திங்கள் இரவு 11:15

அண்ணை, இந்த இழையைப் பாத்தாப் பிறகுதான் எனக்கும் ஒரு நம்பிக்கை வந்திருக்கு. எங்கட வாசிகசாலையில ஒரு பழைய கொம்பியூட்டர் கிடக்கு, 865 சிப்செட் போர்ட், விண்டோஸ் எக்ஸ்பிதான் இப்பவும். நெற் இணைப்பு இல்லை, சின்னப் பிள்ளையளுக்குப் பழைய சிடியளைப் போட்டுக் காட்டுறதுக்கு மட்டும். கேசிங் துருப்பிடிச்சுப் போச்செண்டு வேற கேசிங்குக்கு மாத்தினனாங்கள். அண்டையிலயிருந்து சத்தம் இல்லை. ட்ரைவரில ஒரு பிழையும் காட்டேல்லை, மஞ்சள் குறியும் இல்லை. பாட்டுப் போட்டால் கோடு ஓடுது, பின்னுக்கு ஸ்பீக்கர் குடுத்தால் ஒண்டும் இல்லை. ட்ரைவரைக் கழட்டிக் கழட்டிப் போட்டுக் களைச்சுப் போனன். புதுக் கேசிங்கில முன்னுக்கு யூஎஸ்பி மட்டும்தான், ஒடியோ வயரே இல்லை. அதுக்கும் இதுக்கும் தொடர்பு இருக்குமோ?

---

ஈயப்பற்று | செவ்வாய் காலை 6:50

இருக்கு, அதுவேதான்! ரொம்ப வருஷம் கழிச்சு இந்தக் கேஸைப் பார்க்கிறேன்.

865 போர்டு, ஐசிஎச்5, அசல் ஏசி97. அந்தக் காலத்துல பின் ஜாக்குக்குப் போற சத்தம் நேராப் போகாது. போர்டுலேர்ந்து முன்பக்க ஹெட்போன் ஜாக் வரைக்கும் போய், அங்கே எதுவும் செருகலைன்னா, ஜாக்குக்குள்ள இருக்கிற ஸ்பிரிங் தகடு வழியாத் திரும்பி வந்து, அப்புறம்தான் பின்னாடி போகும். ஹெட்போன் செருகினா தகடு விலகி பின்பக்கம் அடங்கும். டிரைவர், மென்பொருள் எதுவும் இல்லாம செஞ்ச ஏற்பாடு. அழகான வேலைன்னுதான் சொல்வேன்.

நீங்க கேசிங் மாத்தினதும் முன்பக்க வயர் போச்சு. போன சத்தத்துக்குத் திரும்பி வர வழி இல்லை. போர்டு புதுசா வரும்போது இந்த இடத்துல ரெண்டு ஜம்பர் குல்லா (ரெண்டு பின்னைச் சேர்த்து மூடுற சின்ன மூடி) போட்டிருப்பாங்க. முன்பக்க வயர் செருகினவர் அப்போ அதைக் கழட்டி எறிஞ்சிருப்பார்.

இப்போ அந்த ரெண்டு குல்லாவையும் திரும்பப் போடணும். 5ஐயும் 6ஐயும் சேர்த்து ஒண்ணு, 9ஐயும் 10ஐயும் சேர்த்து ஒண்ணு. எண் தேட வேண்டாம், இப்படிப் பாருங்க: அஞ்சு ஜோடியில ஒரு ஜோடிக்கு மட்டும் ஒரு பின் குறையும். அந்தக் குறை ஜோடிக்கு இந்தப் பக்கம் உள்ள ஜோடிக்கு ஒரு குல்லா, அந்தப் பக்கம் உள்ள ஜோடிக்கு ஒரு குல்லா. குல்லா குறுக்கே, ஜோடியைச் சேர்க்கிற மாதிரி. நீளவாக்குல போட்டுடாதீங்க, ஒரு பின்னுல மின்சாரம் இருக்கு. பெட்டியோட கரண்ட் வயரைக் கழட்டிட்டுச் செய்யுங்க.

குல்லா கடையில கேட்டா சிரிப்பாங்க. செத்துப்போன பழைய ஐடிஈ ஹார்டு டிஸ்க் எங்கேயாவது கிடக்கும் பாருங்க. அதுல மாஸ்டர், ஸ்லேவ் மாத்துறதுக்குப் பின்னாடி போட்டிருக்கிற அதே குல்லாதான், 3.5 இஞ்ச் டிஸ்க்குன்னா அளவு சரியா இருக்கும்.

மத்தவங்க கவனத்துக்கு: எச்டி ஆடியோ போர்டுல இந்த வேலை வேண்டாம். அங்கே பின் ஜாக்குக்குத் தனி வழி இருக்கு. குல்லா போட்டா சத்தக் கம்பியையும் சேதி சொல்ற கம்பியையும் முட்டவிட்ட மாதிரி ஆகும்.

---

கட்டைவிரல் | செவ்வாய் காலை 9:20

நான் நேராச் சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. யூஎஸ்பி சவுண்டு கார்டு இருநூறு முந்நூறு ரூபாய்க்குக் கிடைக்குது. கட்டைவிரல் சைஸ். செருகினா டிரைவர் கேட்காது, விண்டோஸ்லயே அதுக்குப் பொது டிரைவர் இருக்கு. எக்ஸ்பியிலயும் ஓடும். இந்தப் பயாஸ், குல்லா, கொண்டை எல்லாம் எதுக்கு? பழசுக்கு இவ்வளவு உழைப்பு வேண்டியதில்லை.

---

ஈயப்பற்று | செவ்வாய் காலை 9:45

கோடெக் செத்த போர்டுக்கு நானே அதைத்தான் சொல்வேன். கடைக்காரர் போர்டு மாத்தச் சொன்னாரே, நிஜமாவே சிப் போயிருந்தாலும் போர்டு மாத்துறதுக்குப் பதில் இதுதான் சரி. ஆனா இங்கே ரெண்டு பேர் சிப்பும் நல்லா இருக்கு. செலவில்லாமச் சரியாகிற விஷயத்துக்கு முந்நூறு எதுக்கு? மலிவு யூஎஸ்பி கார்டுல மைக் போட்டா இரைச்சலும் கொஞ்சம் கூடவே வரும்.

டாஸ் காலத்துல சவுண்ட் பிளாஸ்டர் கார்டு போட்டவங்களைக் கேளுங்க. கார்டோட அமைப்பை எழுதுற ஆட்டோஎக்ஸெக் ஃபைல்ல ஒரு வரி தப்பினா கேம்ல துப்பாக்கி ஊமையாச் சுடும். இப்போ இருக்கறது சொர்க்கம்.

---

அமராவதி | செவ்வாய் இரவு 9:30

கதவைத் திறந்து பார்த்தோம். கொண்டையில் ஏசி97 என்றுதான் இருந்தது, வேறு கொண்டை இல்லை. பயாஸில் "ஃப்ரன்ட் பேனல் சப்போர்ட் டைப்" என்று இருந்ததை ஏசி97 ஆக்கினோம். முன் ஜாக்கில் ஹெட்போன் பாடுகிறது! ஸ்பீக்கர் தானாக அடங்கவில்லை, நீங்கள் சொன்னபடிதான். அதனால் ஒன்றுமில்லை, ஸ்பீக்கர் சுவிட்சை அணைத்துக்கொள்கிறோம்.

---

அமராவதி | புதன் காலை 7:10

காலையில் ஆன் செய்தால் முன் ஜாக் மறுபடியும் இல்லை. பயாஸில் போய்ப் பார்த்தால் எச்டி என்று பழையபடி மாறியிருக்கிறது. நேற்று இரவு சேமித்துத்தான் வெளியே வந்தோம், கேட்டுவிட்டுத்தான் படுத்தாள். விண்டோஸ் அப்டேட் ஏதாவது மாற்றிவிடுமா?

---

பென்குயின் | புதன் காலை 7:25

பயாஸில் உள்ள இந்த அமைப்பை விண்டோஸ் அப்டேட் தொடாது. ஒரு கேள்வி: காலையில் கடிகாரம் சரியாக இருக்கிறதா? இரவில் சுவரில் உள்ள சுவிட்சை அணைத்துவிடுவீர்களா?

---

அமராவதி | புதன் காலை 7:40

ஆமாம், பிளக் பாயின்ட்டையே அணைத்துவிடுவோம். கடிகாரம் காலையில் 2009 ஜனவரி என்று காட்டும். யூடியூப் திறந்தால் "இணைப்பு பாதுகாப்பானதல்ல" என்று வரும். தேதியை மாற்றினால் சரியாகிவிடும். தினமும் செய்வதால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

---

ஈயப்பற்று | புதன் காலை 8:05

பென்குயின் பிடிச்சுட்டார். அந்த எஃப்1க்கு வர்றேன்னு சொன்னது இதுக்குத்தான்.

போர்டுல ஒரு ரூபாய்க் காசு மாதிரி பேட்டரி இருக்கும், சிஆர்2032, 3 வோல்ட். பெட்டி ஆஃப்ல இருந்தாலும் பிளக் ஆன்ல இருக்கிற வரைக்கும் எஸ்எம்பிஎஸ்லேர்ந்து (பெட்டிக்குள்ள இருக்கிற பவர் சப்ளை) வர்ற 5 வோல்ட் ஸ்டாண்ட்பை பயாஸ் அமைப்புகளைக் காப்பாத்தும். சுவர் சுவிட்சை அணைச்சதும் அந்தப் பேட்டரிதான் காவல். அது தீர்ந்தா ராத்திரி எல்லாம் மறந்து, காலையில ஃபேக்டரி நிலைமை. உங்க போர்டுல ஃபேக்டரி நிலைமை எச்டி. எஃப்1 கேட்டதும் இதைத்தான் சொல்லிக்கிட்டு இருந்திருக்கு.

எலக்ட்ரிகல் கடை, வாட்ச் கடை எதுலயும் கிடைக்கும். 2032ன்னு எண் பார்த்து வாங்குங்க. 2025ன்னு ஒண்ணு இருக்கு, அது மெல்லிசு, சரியா அழுந்தாது. பிளக்கைக் கழட்டிட்டு, பேட்டரிக்குப் பக்கத்துல உள்ள சின்னக் கொக்கியை நகத்தால நெம்பினா மேலே குதிக்கும். எழுத்து உள்ள பக்கம், அதாவது ப்ளஸ், மேலே இருக்கணும். போட்டதும் பயாஸ்ல தேதி, அப்புறம் ஃப்ரன்ட் பேனல் ஏசி97, எஃப்10.

திறந்திருக்கும்போதே பிராசசரைச் சுத்தி நிக்கிற கெபாசிட்டர்களோட தலையையும் பாருங்க. தட்டையா இருந்தா நல்லது. உப்பியோ, பழுப்பா கசிஞ்சோ இருந்தா போர்டுக்கு வயசு முடியுதுன்னு அர்த்தம், அப்போ கட்டைவிரல் சொன்னதை யோசிக்கலாம்.

---

வடமராட்சியான் | புதன் பின்னேரம் 5:20

அண்ணை, குல்லா போட்டாச்சு. சத்தம் வந்திட்டுது! ஒரு பழைய ஹார்ட் டிஸ்க்கில ஒண்டுதான் கிடைச்சுது, முதல் அதை மட்டும் போட்டுப் பாத்தன், ஒரு பக்க ஸ்பீக்கர் மட்டும் பாடிச்சுது. பிறகு மற்றதும் தேடிப் போட்டாப் பிறகு ரெண்டு பக்கமும் சரி. கேசிங் மாத்தித் தந்த பொடியனுக்கும் இந்த இழையைக் காட்டினன்.

---

ஈயப்பற்று | புதன் மாலை 6:00

ஒண்ணு வலது, ஒண்ணு இடது. 5ம் 6ம் வலது பக்கம், 9ம் 10ம் இடது. நல்லா சோதிச்சிருக்கீங்க.

---

சிவகாசிக்காரன் | புதன் இரவு 8:10

சந்தடி சாக்குல நானும் கேட்டுக்கிறேன். என் பெட்டி எச்61 போர்டு, ரியல்டெக்தான், ஐடி பார்த்துட்டேன், 10ஈசி. சத்தம் வருது. ஆனா ரெண்டு தொல்லை. வீடியோ ஓடும்போது நடு நடுவுல படபடன்னு வெடிக்குது. அப்புறம், டிவியை எச்டிஎம்ஐல மாட்டினா ஸ்பீக்கர் ஊமையாயிடுது.

---

பென்குயின் | புதன் இரவு 8:30

இரண்டாவது சுலபம். எச்டிஎம்ஐ மாட்டியதும் டிவியே சத்தம் போடும் சாதனம் என்று விண்டோஸ் எடுத்துக்கொள்கிறது. ஸ்பீக்கர் படத்தின் மேல் ரைட் கிளிக், "சவுண்ட்ஸ்", "ப்ளேபேக்" டேப், உங்கள் ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுத்து "செட் டிஃபால்ட்". டிவியில் சத்தம் ஒருபோதும் வேண்டாம் என்றால் அதை அங்கேயே டிசேபிள் செய்துவிடுங்கள்.

---

ஈயப்பற்று | புதன் இரவு 9:15

வெடிக்கிறதுக்கு: அதே "ப்ளேபேக்"ல ஸ்பீக்கர் ப்ராப்பர்ட்டீஸ், "என்ஹான்ஸ்மென்ட்ஸ்"ல எல்லாத்தையும் நிறுத்துங்க. "அட்வான்ஸ்டு"ல 192000 ஹெர்ட்ஸ்னு வச்சிருந்தா 16 பிட் 48000க்கு இறக்குங்க, காதுக்கு வித்தியாசம் தெரியாது. அப்பவும் வெடிச்சா சவுண்டு டிரைவரை விட்டுட்டு லேட்டன்சிமான்னு ஒரு சின்ன புரோகிராம் ஓடவிட்டுப் பாருங்க. எந்த டிரைவர் பிராசசரை ரொம்ப நேரம் பிடிச்சு வச்சுக்குதுன்னு பேர் சொல்லிக் காட்டும். வைஃபை டாங்கிள் டிரைவரா இருக்கறது அடிக்கடி பார்க்கிற கதை. டாங்கிளைக் கழட்டிட்டு ஒரு வீடியோ ஓட்டிப் பாருங்க, அஞ்சு நிமிஷத்துல தெரிஞ்சுடும்.

வெடிக்கறது இல்லாம "ம்ம்ம்"னு ஒரே சீரா இரைஞ்சா அது வேற. பிளக் பாயின்ட்ல எர்த் இருக்கான்னு எலக்ட்ரீஷியனை விட்டுப் பார்க்கச் சொல்லுங்க.

---

அமராவதி | வியாழன் காலை 7:20

பேட்டரி மாற்றி, தேதி வைத்து, ஏசி97 போட்டு, இரவு பிளக்கை அணைத்தோம். காலையில் எஃப்1 கேட்கவில்லை, தேதி சரி, முன் ஜாக் பாடுகிறது. கெபாசிட்டர் தலைகள் தட்டையாகத்தான் இருக்கின்றன. கழற்றிய பேட்டரியைத் தெரிந்தவர் மீட்டரில் வைத்துப் பார்த்தார், 1 வோல்ட்கூட இல்லை.

பென்குயின் அண்ணா, தேர்வு முடிந்ததும் லினக்ஸ் பற்றித் தனியாகக் கேட்கிறேன். இப்போதைக்கு யாரும் எதையும் தொடக்கூடாது என்று மகள் உத்தரவு.

---

சிவகாசிக்காரன் | வியாழன் காலை 9:05

டாங்கிளைக் கழட்டினதும் வெடிக்கறது நின்னுடுச்சு. இப்ப நெட் இல்லாம யூடியூப் எப்படிப் பார்க்கறது?

---

கட்டைவிரல் | வியாழன் காலை 9:11

லேன் வயர் போடுப்பா.

---

நிர்வாகி | வியாழன் காலை 11:00

தலைப்பில் "தீர்ந்தது" சேர்க்கப்பட்டது. வைஃபை டாங்கிள் குறித்த கேள்விகளை நெட்வொர்க் பகுதியில் புதிய இழையாகத் தொடங்கவும். டிரைவர் அப்டேட்டர் மென்பொருள்களின் இணைப்பை யாரும் இங்கே இட வேண்டாம், இட்டால் நீக்கப்படும்.